மெல்லிய குழாயை நசுங்காமல் வளைத்தல்: பழைய மோட்டார் சைக்கிளுக்குக் கையால் ஒரு பெண்ட் பைப்

எஞ்சின் ஹெட்டிலிருந்து சைலன்சர் வரை புகையைக் கொண்டுசெல்லும் வளைந்த குழாயை நம் பட்டறைகளில் பெண்ட் பைப் என்பார்கள். 38 மி.மீ. வெளிவிட்டமும் 1.2 மி.மீ. சுவரும் உள்ள ஒரு நேர்க்குழாயை வைஸில் கடித்து நெம்பினால், அது சிறிது தூரம் இணங்குவதுபோல் காட்டிவிட்டுத் திடீரென்று ஓரிடத்தில் மடிந்து நசுங்கிவிடும். பலத்தைக் கூட்டினால் மடிப்பு ஆழமாகுமே தவிர வளைவு கிடைக்காது. சுவர் மெல்லியதாக இருக்க, அதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே எதுவும் இல்லாததால்தான் இப்படி ஆகிறது. எனவே உள்ளே தாங்கல் கொடுப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. சூடாக்குவதும் வளைப்பதும் அதன் பிறகு வருபவை.

இங்கே விளக்கப்போவது, குழாயில் மணலை இறுக்கி நிரப்பிச் சூட்டில் வளைக்கும் பழைய முறை. திருவொற்றியூரில் தயாரான, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட ஒரு புல்லட் 350-க்காக நான் இதைக் கையாண்டேன். 70 மி.மீ. போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட அந்த 346 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்குப் புதுக் குழாய்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் என் வண்டியின் சட்டம் எப்போதோ அடிபட்டுச் சரிசெய்யப்பட்டிருந்ததால், கடைக் குழாய் எதுவும் சட்டத்தின் முன்தண்டை உரசாமல் உட்காரவில்லை. உதிரிபாகமே கிடைக்காத வண்டியை வைத்திருப்பவர்களுக்கும் இந்த வழி உதவும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி தயாரான வண்டிகளில் மட்டும் கைவைக்க வேண்டாம். அவற்றின் புகைப்பாதையில் ஆக்சிஜன் சென்சாரும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சேர்ந்தே வருகின்றன, அவற்றைத் துண்டித்தால் எஞ்சினின் கட்டுப்பாடே குழம்பிவிடும். ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் குழாயின் நீளமும் விட்டமும் எஞ்சினின் இழுவையை நேரடியாகத் தீர்மானிப்பதால், பழைய குழாயின் நடுக்கோட்டு நீளத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும்.

முதலில் கணக்கு, பிறகு குழாய்

குழாய் வளையும்போது வெளிப்பக்கச் சுவர் நீள்கிறது, உட்பக்கச் சுவர் ஒடுங்குகிறது, இரண்டுக்கும் இடையே பக்கவாட்டில் ஓடும் கோடு ஏறக்குறைய நீளம் மாறாமல் இருக்கிறது. வளைவின் ஆரத்தை எப்போதும் குழாயின் நடுக்கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். குழாய் விட்டத்தில் பாதியை அந்த ஆரத்தால் வகுத்தால், வெளிச்சுவர் எவ்வளவு நீளும் என்பது தெரிந்துவிடும். 38 மி.மீ. குழாயை அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கான 57 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் வெளிச்சுவர் 33 சதவீதம் நீள வேண்டியிருக்கிறது, 76 மி.மீ. ஆரத்தில் 25 சதவீதம், 114 மி.மீ. ஆரத்தில் ஏறத்தாழ 17 சதவீதம். நீண்ட இடத்தில் சுவர் மெலியும் என்பதால், மூன்று மடங்கு ஆரத்தில்கூட 1.2 மி.மீ. சுவர் வெளிவிளிம்பில் சுமார் 1 மி.மீ. ஆகிவிடுகிறது. முதல் முறை செய்பவர்கள் மூன்று மடங்குக்குக் குறைவான ஆரத்தை முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு மடங்கு ஆரமும் கையால் முடியும் என்றாலும், அதற்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழக்கம் கையில் ஏறியிருக்க வேண்டும்.

114 மி.மீ. ஆரத்தில் 90 டிகிரி வளைவுக்கு நடுக்கோட்டு நீளம் 179 மி.மீ. என்று வரும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் குழாயில் அளவிடும்போது இதுவே அடிப்படை.

குழாயைப் பொறுத்தவரை, 16 கேஜ் (1.6 மி.மீ.) அல்லது 18 கேஜ் (1.2 மி.மீ.) கனமுள்ள, பூச்சு எதுவும் இல்லாத கறுப்பு மென் எஃகுக் குழாயே ஏற்றது. இரண்டில் 16 கேஜ் குழாய் தவறுகளைக் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர்க் குழாயாக விற்கப்படும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்கக் கூடாது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. நாம் குழாயைச் சூடாக்கப்போவதும் அந்த அளவை ஒட்டித்தான். அந்த வெண்புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டுவிடும். குரோமியப் பூச்சு உள்ள பழைய குழாயையும் இதே போல ஒதுக்கிவிட வேண்டும். ஸ்டெயின்லெஸ் குழாய் அழகாக இருக்கும்தான். ஆனால் அது வளைக்க வளைக்க இறுகும் குணமுடையது, வெல்டிங் செய்யும்போது உட்புறமும் ஆர்கான் வாயு நிரப்பாவிட்டால் பற்றின் (வெல்டிங் இணைப்பின்) பின்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். முதல் குழாயை மென் எஃகில் செய்து பழகுவதே நல்லது.

நீளவாக்கில் பற்றுவைக்கப்பட்ட குழாய்தான் பெரும்பாலும் கிடைக்கும். உள்ளே விரலைவிட்டுத் தடவினால் அந்தத் தையல் கோடு தட்டுப்படும். அதை வளைவின் வெளிப்பக்கமோ உட்பக்கமோ வராமல் பக்கவாட்டில், அதாவது நீளம் மாறாத கோட்டின் மேல் வருமாறு வைக்க வேண்டும். வெளிப்பக்கம் வந்தால் தையல் பிளக்கலாம்.

கம்பியால் ஒரு மாதிரி

குழாயைத் தொடுவதற்கு முன் 6 மி.மீ. இரும்புக் கம்பியை வளைத்து, புகைத்துளையின் மையத்திலிருந்து சைலன்சர் வாயின் மையம் வரை குழாயின் நடுக்கோடு செல்லவேண்டிய பாதையை வண்டியிலேயே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அட்டையில் 38 மி.மீ. வட்டங்களை வெட்டிக் கம்பியில் கோத்து நகர்த்திப் பார்த்தால், எங்கே இடிக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும். சட்டத்துக்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும், எஞ்சின் ரப்பர் புஷ்களில் தொங்கும் வண்டியானால் 20 மி.மீ. விடுவது நல்லது. முன் ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது சக்கரமும் மட்கார்டும் எங்கே வரும், கிக்கரும் கால் மிதிகளும் முழு வீச்சில் எங்கே போகும், வளைவுகளில் வண்டி சாயும்போது குழாய் தரையைத் தொடுமா, ஆயில் வடிக்கும் திருகை ஸ்பானர் எட்டுமா என்பவற்றை எல்லாம் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கம்பியை நூறு முறை திருத்தலாம், குழாயை அப்படித் திருத்த முடியாது. நான் இந்த மாதிரிக்கு ஒரு முழு நாளைச் செலவிட்டேன். வேலையிலேயே பயனுள்ள நாள் அதுதான்.

மாதிரி முடிந்ததும் அதைச் சமதளப் பலகையில் கிடத்திப் பாருங்கள். முதல் வளைவு பலகையில் படிந்திருக்கும்போது இரண்டாவது வளைவு பலகையைவிட்டு மேலெழுந்தால், இரண்டுக்கும் இடையே ஒரு திருகல் இருக்கிறது என்று பொருள். அந்தக் கோணத்தை அளந்து எழுதிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

மணல்

சலித்த மெல்லிய ஆற்று மணல் போதும். ஒரு மீட்டர் குழாய்க்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். ஆனால் மணலில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. இந்த முறையில் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான். அடைக்கப்பட்ட குழாய்க்குள் ஈரமணல் சூடேறினால் நீராவி அழுத்தம் பெருகி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டுபோல் எறிந்துவிடும். மழைக்கால மணலை வெயிலில் மட்டும் காயவைத்துவிட்டு நான் ஒருமுறை பயன்படுத்தினேன். மர அடைப்பு என் தோளை ஒட்டிப் பறந்து பின்சுவரில் மோதியது, அதன் பின்னால் சுடுமணலும் கொட்டியது. அன்று முதல் மணலை இரும்புச் சட்டியில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கிளறிக் கிளறி வறுத்த பிறகே எடுக்கிறேன். வறுத்த மணலுக்கு மேலே குளிர்ந்த இரும்புத் தகட்டைச் சற்று நேரம் பிடித்துப் பாருங்கள். தகட்டில் பனிபோல் ஈரம் படிந்தால் இன்னும் வறுக்க வேண்டும்.

வளைவுக்கு இரு பக்கமும் குறைந்தது 300 மி.மீ. கூடுதல் நீளம் இருக்கும்படி குழாயை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 50 மி.மீ. நீளமுள்ள, சற்றே கூம்பிய கெட்டி மரமுளையை அடித்து இறுக்க வேண்டும். முளையின் பக்கவாட்டில் ஒரு சிறு பள்ளம் செதுக்கி இரும்பு நாரைத் திணித்துவிட்டால், காற்றும் எஞ்சிய ஆவியும் வெளியேறும், மணல் வெளியேறாது. சூடாக்கும் இடத்திலிருந்து முளை 200 மி.மீ. தள்ளியாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் கருகித் தளர்ந்துவிடும்.

குழாயை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு கைப்பிடி மணலாகப் போட்டு, மரச் சுத்தியலால் கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். தொடக்கத்தில் குழாய் கணீரென்று ஒலிக்கும்; மணல் நெருங்க நெருங்க ஒலி மங்கி, கட்டையைத் தட்டுவதுபோல் ஆகும். ஓரிடத்தில் மட்டும் கணீரென்று கேட்டால் அங்கே வெற்றிடம் இருக்கிறது, வளைக்கும்போது சரியாக அங்கேதான் நசுங்கும். நிரம்பிவிட்டது என்று தோன்றிய பிறகும் கால் மணி நேரம் தட்டினால் மணல் மட்டம் இன்னும் இரண்டு விரல் இறங்குவதைக் காணலாம். அந்த இடத்தையும் நிரப்பி இரண்டாவது முளையை அடித்து இறுக்குங்கள். பொறுமை இழந்தவர்களின் குழாய்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கெடுகின்றன.

சூடும் வளைவும்

அச்சுக்கு 190 மி.மீ. விட்டமுள்ள பழைய இரும்புக் கப்பியோ வட்டத் தகடோ போதும், 114 மி.மீ. நடுக்கோட்டு ஆரத்திலிருந்து குழாயின் பாதி விட்டமான 19 மி.மீ. கழிந்தால் கிடைக்கும் 95 மி.மீ.தான் அச்சின் ஆரம். குழாய் அமரும் அளவுக்கு விளிம்பில் அரைவட்டப் பள்ளம் இருந்தால் குழாய் அகலமாகப் பரவாது; அப்போது 190 மி.மீ. விட்டத்தைப் பள்ளத்தின் அடியில் அளக்க வேண்டும். பள்ளம் வேண்டுமென்றால் லேத் பட்டறையில் கொடுத்துக் கடையச் சொல்லலாம். நெம்புகோலாக ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாய் பொருத்தமானது. அதன் உள்விட்டம் ஏறத்தாழ 42 மி.மீ. என்பதால் நம் குழாய்மீது தாராளமாக நுழையும். அது துத்தநாகம் பூசியதாக இருந்தால் சுடர் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

179 மி.மீ. நீளத்தைக் குழாயில் குறித்து ஆறு சமபாகங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மி.மீ.; ஒவ்வொரு பாகமும் 15 டிகிரி வளைய வேண்டும். சாக்பீஸ் கோடு சூட்டில் அழிந்துவிடும் என்பதால் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனை உளியால் மிக லேசாகப் புள்ளி வைக்கலாம், ஆனால் அதுவும் பக்கவாட்டில்தான். நீளப்போகும் வெளிச்சுவரில் வைக்கும் புள்ளி விரிசலின் தொடக்கமாக மாறும்.

ஆக்சிஜனும் அசிட்டிலீனும் கலந்த கேஸ் வெல்டிங் சுடரோ, புளோயர் வைத்த கரி உலையோ இரண்டும் உதவும். சுடரானால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் சூடாக்க, மற்றவர் நெம்ப. வேலையை நிழலில் அல்லது மாலை மங்கலில் செய்ய வேண்டும், ஏனென்றால் வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் குழாயை உருக்கும் அளவுக்குப் போய்விடுவோம். அடுத்தடுத்த இரண்டு பாகங்களைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடாக்கி, நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பாக, அதாவது 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்ததும் மெதுவாக, ஒரே சீரான இழுப்பில் வளைக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் அதிகம் சூடேறினால் சுவர் மெலிந்து தட்டையாகும். உட்பக்கம் மட்டும் சூடேறினால் சுருக்கம் விழும். 30 டிகிரி வந்ததும் நிறுத்தி, கம்பி மாதிரியை அருகில் பிடித்துப் பார்த்துவிட்டு அடுத்த இரண்டு பாகங்களுக்குப் போகலாம். ஆக மூன்று சூட்டில் 90 டிகிரி முடியும்.

நிறம் அடர்சிவப்புக்கு இறங்கியதும் கையை எடுத்துவிட்டு மீண்டும் சூடாக்க வேண்டும். சிவப்பு மறைந்துவிட்டாலும் குழாய் இன்னும் சூடாகத்தானே இருக்கிறது என்று நெம்புவது பெரும் தவறு. 200 முதல் 350 டிகிரி வரையிலான நீலநிறச் சூட்டில் மென் எஃகு அறைவெப்பத்தில் இருப்பதைவிடவும் உடையும் தன்மை கொண்டது. அப்போது வளைத்தால் வெளிச்சுவர் கீறிக்கொள்ளும்.

உட்பக்கத்தில் சிறு சுருக்கம் எழும்பினால் உடனே நிறுத்துங்கள். சுருக்கத்தை மட்டும் சிவக்கவைத்து, சிறிய சுத்தியலால் தட்டினால் உள்ளிருக்கும் மணல் பட்டறைக்கல்போல் தாங்கிக்கொண்டு அதைப் படியவைக்கும். அதை விட்டுவிட்டு வளைவைத் தொடர்ந்தால் சுருக்கம் மடிப்பாகிவிடும், மடிப்பை எடுக்க வழியில்லை. குழாய் நீள்வட்டமாகப் பரவியிருந்தால், மணலைக் கொட்டுவதற்கு முன்பே அந்த இடத்தைச் சூடாக்கி, அகன்ற பக்கத்தை வைஸின் தாடைகளுக்கு இடையே மெல்ல அழுத்தி வட்டத்துக்குக் கொண்டுவரலாம். வெர்னியரில் பெரிய விட்டத்துக்கும் சிறிய விட்டத்துக்கும் வேறுபாடு 2 மி.மீ.க்குள் இருந்தால் போதுமானது.

வளைந்து முடிந்த குழாயைத் தண்ணீரில் முக்கக் கூடாது. மேலே கறுத்துவிட்டாலும் உள்ளே இருக்கும் மணல் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தானாக ஆறவிட்டு, முளையைத் தோல் கையுறையோடுதான் கழற்ற வேண்டும்.

மணலை வெளியேற்றுவது

மணலைக் கொட்டியதும் வேலை முடிந்ததாக எண்ணிவிட வேண்டாம். சூட்டில் சில துகள்கள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், எஃகின் கருஞ்செதிலும் உள்ளே உரிந்து நிற்கும். புகைவழியில் காற்று ஒரு திசையில் மட்டும் ஓடுவதில்லை. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நொடியில் சிறிதளவு பின்னோக்கியும் வரும். அந்த வழியாக ஒரு மணல் துகள் வால்வு இருக்கையையோ சிலிண்டரையோ அடைந்தால் உண்டாகும் கீறலுக்குச் செலவு பெரிது. ஒரு இரும்புச் சங்கிலியை உள்ளே விட்டு இரு முனைகளையும் பிடித்து மாறி மாறி இழுத்துத் தேய்த்து, தண்ணீர் பீய்ச்சி, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே இழுத்துப் பார்த்துத் துணி சுத்தமாக வரும்வரை இதைச் செய்ய வேண்டும். பிறகு 32 மி.மீ. விட்டத்தில் கடைந்த மரப்பந்தை ஒரு முனையில் போட்டு மறுமுனையில் எடுங்கள். 1.2 மி.மீ. சுவருள்ள குழாயின் உள்விட்டம் 35.6 மி.மீ. என்பதால், பந்து தடையின்றி உருண்டு வந்தால் வளைவில் வழி குறுகவில்லை என்று நம்பலாம்.

வளைக்காமலே வளைவு

இடம் மிகக் குறுகலாக இருந்து 76 மி.மீ. ஆரமே சாத்தியம் என்றால், மணல்முறையோடு மல்லுக்கட்டுவதைவிடத் துண்டுகளாக வெட்டி இணைப்பது புத்திசாலித்தனம். நேர்க்குழாயை இரு முனையிலும் 7.5 டிகிரி சாய்வில் ஆப்பு வடிவத் துண்டுகளாக அறுத்தால், ஒவ்வொரு இணைப்பும் 15 டிகிரி திரும்பும். இரு பக்க நேர்க்குழாய்களின் முனைகளையும் 7.5 டிகிரியில் அறுத்து, நடுவே ஐந்து துண்டுகளை வைத்தால் ஆறு இணைப்புகளில் 90 டிகிரி கிடைக்கும். 38 மி.மீ. குழாயில் 76 மி.மீ. ஆரத்துக்கு ஒவ்வொரு துண்டும் வெளிவிளிம்பில் 25 மி.மீ., உள்விளிம்பில் 15 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் கிடைத்தால் இது அழகாகவே வரும். கிடைக்காவிட்டால் ஆறு பற்றுகளும் ஆறு கசிவுகளாக மாறக்கூடும்.

தண்ணீர்க் குழாய் வளைக்கும் ஹைட்ராலிக் இயந்திரத்தில் கொடுத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. அதன் அச்சுகள் 3 மி.மீ.க்கும் மேற்பட்ட தடித்த சுவருள்ள குழாய்களுக்கு அளவானவை, அவற்றில் 1.2 மி.மீ. குழாயை வைத்தால் தட்டையாகித்தான் வெளியே வரும்.

வண்டியில் ஏற்றுவது

ஹெட்டில் இரண்டு ஸ்டட்களால் (மரைக் கம்பிகளால்) இறுகும் ஃபிளாஞ்ச் (துளைத் தகடு) வகை வண்டியானால், குழாயின் முனையில் வரும் காலர் வளையத்தைப் பற்றவைக்கும் முன்பே ஃபிளாஞ்சைக் குழாயில் கோத்துவிட வேண்டும். மறந்தால் காலரை அறுத்தெடுக்க நேரிடும். குழாயை வண்டியில் பொருத்தி இரண்டு மூன்று புள்ளிப் பற்றுகள் மட்டும் வைத்து, குழாயைக் கழற்றிய பிறகு முழுப் பற்றையும் போடுவதே முறை. புள்ளி வைப்பதற்கு முன் பெட்ரோல் டேங்கை இறக்கி அப்பால் வைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். குழாய் தானாகத் தன் இடத்தில் உட்கார வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்து உட்காரவைத்த குழாய், எஞ்சினின் அதிர்வில், அதை வண்டியோடு பிடித்துவைக்கும் தாங்கியின் பற்றை ஒட்டி விரிந்துவிடும்.

சைலன்சரை நீக்கிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிட வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒவ்வொரு வண்டிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, ஒலி, புகை அளவுகளை மீறினால் முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்க, தெருவில் தூங்கும் குழந்தையையும் நோயாளியையும் எழுப்பும் சத்தத்துக்காக இவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்வது எனக்கு ஏற்புடையதல்ல.

எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விடும்போது படபடவென்று வெடித்தால், ஹெட்டின் இணைப்பில் காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். கேஸ்கெட்டை மாற்றிப் பாருங்கள். 600 டிகிரி தாங்கும் கறுப்புப் பூச்சை, துரு ஏறுவதற்கு முன் முதல் வாரத்திலேயே அடித்துவிட வேண்டும். முதல் முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு நட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கும், அவற்றை மறுபடி இறுக்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் தாங்கியின் பற்றைச் சுற்றிலும் வளைவின் வெளிவிளிம்பிலும் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நீண்ட பயணத்துக்குக் கிளம்பலாம்.